வெட்டா, கிழிவா? காயங்களுக்கான ஆங்கிலச் சொற்கள்: கேள்வி பதில்

திருகோணமலையில் நீதிமன்ற உரைபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காயங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. காயத்துக்கு மருந்து கேட்டவர்கள் தயவுசெய்து வைத்தியரிடம் போங்கள்.

கேள்வி (தாதிய மாணவி, உப்புவெளி): அம்மா, கட், லேசரேஷன் இரண்டும் ஒன்றா? வார்டில் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள்.

பதில்: ஒன்றல்ல மகள். கூரான விளிம்பு தோலை அறுத்தால் அது கட். சட்ட வைத்திய அதிகாரி அதையே இன்சைஸ்டு வூண்ட் என்றும் எழுதுவார். பொல்லு, கல், தார் வீதி போன்ற கூரில்லாத ஒன்று மோதி, தோலை நசுக்கிக் கிழித்தால்தான் லேசரேஷன். அந்தச் சொல்லின் இலத்தீன் வேருக்கே பிய்த்தல் என்றுதான் பொருள்.

வெட்டின் ஓரம் நேராக இருக்கும். கிழிவின் ஓரம் ஒழுங்கற்று, சுற்றிலும் கண்டிப்போயிருக்கும். விரித்துப் பார்த்தால் இரு கரைகளுக்கும் நடுவே அறுபடாத இழைகள் பாலம் போல நிற்கும். கத்தி அவற்றை விட்டுவைக்காது. மண்டையிலும் புருவத்திலும் எலும்பின் மேல் தோல் இறுகிக் கிடப்பதால், பொல்லால் அடித்தாலும் கத்தி பட்டது போல நேராகப் பிளந்துவிடும். அங்கே வைத்தியர் அந்த இழைகளைத் தேடித்தான் முடிவுக்கு வருகிறார்.

சிகிச்சைப் பிரிவில், குறிப்பாக அமெரிக்க வழக்கில், தையல் போட வேண்டிய எந்தக் காயத்தையும் லேசரேஷன் என்பதுண்டு. அதைப் பிழை என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் நீதிமன்றத்துக்குப் போகும் அறிக்கை வேறு. 1883ஆம் ஆண்டின் நமது தண்டனைச் சட்டக்கோவை, சுடவும் குத்தவும் வெட்டவும் உரிய கருவிகளை 315ஆம் பிரிவில் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. லேசரேஷனை நான் வெட்டுக்காயம் என்று பெயர்த்துவிட்டால், யாரும் கையில் எடுக்காத கத்தி ஒன்று மன்றுக்குள் வந்துவிடும். அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: லேசரேஷன் கத்திக் காயம் அல்ல.

கேள்வி (மூதூர்): காஷ் (gash), ஸ்லாஷ் (slash), நிக் (nick)?

பதில்: நீளமாகவும் ஆழமாகவும் வாய் பிளந்திருந்தால் காஷ். ஆயுதத்தை வீசி வெட்டியது ஸ்லாஷ். சவரம் செய்யும்போது படுவது நிக்.

கேள்வி (நிலாவெளி): குத்துக்காயத்துக்கு ஸ்டாப் (stab) என்பதா, பங்சர் (puncture) என்பதா?

பதில்: தோலில் தெரியும் நீளத்தைவிட ஆழம் அதிகமென்றால் ஸ்டாப், ஆழத்தைவிட நீளம் அதிகமென்றால் அது வெட்டு. ஆணி, திருக்கை முள், தூண்டில் போன்ற ஊசிமுனை ஏறினால் பங்சர். வாய் சிறிதாக இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது வெளியே தெரியாது.

கேள்வி (மாணவன், கிண்ணியா): விரல் வெட்டுப்பட்டதால் வரவில்லை என்று ஆசிரியருக்கு எழுத வேண்டும். “ஐ கட் ஆஃப் மை ஃபிங்கர்” சரியா?

பதில்: தம்பி, அப்படி எழுதினால் விரலே துண்டாகிவிட்டது என்று பொருள். ஆஃபை எடுத்துவிட்டு “ஐ கட் மை ஃபிங்கர்” என்று எழுதுங்கள். கட்டுக்கும் ஹர்ட்டுக்கும் இறந்தகாலத்திலும் உருவம் மாறாது. கட்டட், ஹர்ட்டட் என்று எழுத வேண்டாம்.

கேள்வி (கன்னியா): லேசரேஷன் என்றால் கத்திக் காயம்தானே?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி (படகோட்டி, புறாமலைத் தீவுக்குப் பயணிகளை ஏற்றுபவர்): பவளப்பாறையில் உரஞ்சிய வெள்ளைக்காரர் கிரேஸ் என்கிறார். அது ஆடு மேய்வதல்லவா?

பதில்: மேய்தலுக்கும் அதே எழுத்துக்கள்தான். பொருள் வேறு: மேல்தோல் மட்டும் உரசிப் போவது. பிரித்தானியர் கிரேஸ் என்பார்கள், அமெரிக்கர் ஸ்கிரேப் என்பார்கள், வைத்தியர் அப்ரேஷன் என்று எழுதுவார். பவளம் ஆழமாக அறுத்திருந்தால் கோரல் கட். தோல் கிழியாமல் நீலம் பாரித்தால் ப்ரூஸ். அறிக்கையில் கன்டூஷன், நம் வழக்கில் கண்டல்.

கேள்வி (திருகோணமலை நகரம்): பஸ் விபத்தில் பத்துப் பேர் வூண்டட் என்று எழுதலாமா?

பதில்: விபத்துக்கு இன்ஜர்டு. ஆயுதத்தாலும் போரிலும் பட்டவர்களுக்கு வூண்டட். ஒலிப்பையும் கவனியுங்கள்: காயம் வூண்ட், நூலைச் சுற்றினான் என்னும்போது அதே எழுத்துக்கள் வௌண்ட் ஆகும்.

கேள்வி (தமிழாசிரியர், சம்பூர்): வூண்ட் என்பதற்கு நீங்கள் காயம் என்கிறீர்கள். புண் என்பதே பழந்தமிழ். வள்ளுவர் விழுப்புண் என்றுதானே சொன்னார்?

பதில்: சொன்னார் ஐயா. போரில் பட்ட பச்சைக் காயத்துக்கு அன்று அதுவே சொல். இன்று “அவருக்குக் காலில் புண்” என்றால் கேட்பவர் நீரிழிவை நினைக்கிறார், வாளை அல்ல. வாய்ப்புண், குடற்புண் எல்லாம் ஆங்கிலத்தில் அல்சர். சாட்சிக் கூண்டில் நிற்பவரின் காதில் என்ன விழும் என்று பார்த்துத்தான் நான் சொல்லைத் தேர்ந்தேன்.

குறுக்கே ஒருவர் (உவர்மலை): ஆசிரியர் சொல்வதே சரி. புறப்புண்ணுக்கு, அதாவது முதுகில் பட்ட காயத்துக்கு நாணி, உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்ட சேரனின் காயத்தை எப்படி மொழிபெயர்ப்பீர்கள்?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இன்று அமர்ந்தது நல்லதாயிற்று. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற பெருஞ்சேரலாதன் அவன். மார்பில் பாய்ந்த வேல் முதுகு வழியே வெளிவந்தது என்று விளக்குவார்கள். அப்படியானால் மார்பில் இருப்பது என்ட்ரி வூண்ட், முதுகில் இருப்பது எக்ஸிட் வூண்ட். ஓடும்போது பட்டதல்ல என்று இந்த இரண்டு சொற்களுமே அவனுக்காகச் சாட்சி சொல்லியிருக்கும். இலக்கியத்தில் அதைப் புண் என்றே வையுங்கள். நான் தொட மாட்டேன்.

கேள்வி (சீனன்குடா): அம்மா, கத்தி வெட்டுக்கு லேசரேஷன் என்று…

பதில்: மூன்றாவது முறை. இல்லை.

கேள்வி (மீண்டும் சம்பூர் ஆசிரியர்): ஸ்கார், ஸ்காப் இரண்டையும் என் பிள்ளைகள் குழப்புகிறார்கள். நீதிமன்றத்தில் புண் என்ற சொல்லுக்கு இடமே இல்லையா?

பதில்: ஆறிவரும்போது மேலே காய்ந்து மூடுவது பொருக்கு, அதுதான் ஸ்காப். ஆறிய பின் நிற்பது தழும்பு, அது ஸ்கார். தீ சுட்டதைப் புண் என்றும் நா சுட்டதை வடு என்றும் குறள் பிரித்திருப்பதைச் சொல்லிக் கொடுங்கள், மறக்க மாட்டார்கள். புண்ணுக்கும் இடம் உண்டு ஐயா. குத்துப்பட்ட இடம் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்து, வைத்தியர் அல்சர் என்று எழுதியிருந்தால், நான் புண் என்றே பெயர்த்திருக்கிறேன்.