கூலன்ட் சென்சார் கெட்டால் மைலேஜ் குறையுமா? ஸ்கேனரில் எரர் கோடே வரவில்லையே?

குறையும். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் வெப்பத்தை அளந்து சொல்வதுதான் இந்தச் சென்சாரின் வேலை. கோடு வரவில்லை என்பதற்காகச் சென்சார் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். முழுசாகச் செத்துப்போன சென்சாரால் பெரிய தொல்லையில்லை: செக் இன்ஜின் விளக்கு எரியும், மாற்றிவிட்டுப் போகலாம். உயிரோடு இருந்துகொண்டே பத்து இருபது டிகிரி தப்பாகச் சொல்லும் சென்சார்தான் ஆளை அலையவிடும்.

தெர்மோஸ்டாட் (கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைத் திறந்து மூடும் வால்வு) ஹவுசிங்கிலோ சிலிண்டர் ஹெட்டிலோ பொருத்தியிருக்கும் இதற்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பல பெட்ரோல் கார்களில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 30-இல் 1,700, 80-இல் 320, 100-இல் 190-க்குச் சற்றுக் கீழே. இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியு 5 வோல்ட்டைத் தனக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக அனுப்பி, சென்சாரில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்பதை வைத்து வெப்பத்தைக் கணக்குப் போடும்.

ஒயர் அறுந்தால் இசியுவுக்கு அது மைனஸ் 40 டிகிரி, கோடு பி0118. இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டால் 120-க்கு மேல் எகிறும், கோடு பி0117. இரண்டையும் இசியு நம்பாது. தானே ஒரு மதிப்பை வைத்துக்கொண்டு, பாதுகாப்புக்காக ரேடியேட்டர் ஃபேனை நிறுத்தாமல் ஓடவிடும். சில வண்டிகளில் ஏசியும் கட் ஆகும். சாவியைத் திருப்பியதுமே ஃபேன் ஓட ஆரம்பித்தால் முதல் சந்தேகம் இங்கேதான்.

80 டிகிரி இன்ஜினை 60 என்று சொன்னால் கதை வேறு. 60 என்பது நடக்கக்கூடிய எண், ஆகவே கோடு வராது. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து இசியு பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும், ஐட்லிங்கை ஏற்றி வைக்கும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் இதைக் காட்டிக்கொடுக்கும், இசியு குறைக்கப் பார்க்கும். ஸ்கேனரில் ஃபியூல் ட்ரிம் (பெட்ரோலை இசியு எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண்) மைனஸ் பக்கம் நிற்பது அதனால்தான். ஆனால் குறிப்பிட்ட வெப்பம் வரும்வரை இசியு ஆக்சிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்காது. கூலன்ட் சென்சார் அதற்கும் கீழே சொல்லிக்கொண்டிருந்தால் வண்டி நாள் முழுக்கக் குளிர்ந்த இன்ஜின் கணக்கிலேயே ஓடும். ஸ்பார்க் பிளக்கில் கரி, சைலன்சரில் பெட்ரோல் வாடை, அப்படியே விட்டால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் சேதம். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் டாப் கியர் தாமதமாக விழுவதும் உண்டு.

தலைகீழாக, குளிர்ந்த இன்ஜினைச் சூடு என்று சொன்னால் காலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கிளம்பிய உடனே ஆக்சிலரேட்டரை மிதித்தால் திக்கும். சமவெளி வெயிலில் இது அவ்வளவாகத் தெரியாது, ஊட்டி கொடைக்கானல் பக்கம் நிறுத்தி எடுத்தால் தெரிந்துவிடும். டீசல் என்றால், ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கின் நேரமும் கெடும்.

பலர் தவறவிடும் இடம் கனெக்டர். கனெக்டர் பின்னில் (ஊசியில்) பச்சைக் களிம்பு பிடித்து 200 ஓம் கூடிவிட்டது என்று வையுங்கள். காலையில் 30 டிகிரியில் 1,700 என்பது 1,900 ஆகும். இசியு 27 என்று படிக்கும். மூன்று டிகிரி வித்தியாசம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இன்ஜின் 80-க்கு வந்ததும் 320 என்பது 520 ஆகும். இசியுவுக்கு அது 65. உண்மையில் 100 ஆகும்போது அது படிப்பது 75 மட்டுமே. ஃபேன் போடச் சொல்லும் நேரம் தாண்டிப்போயிருக்கும், இன்ஜின் கொதிக்கும். புதிய வண்டிகள் பலவற்றில் மீட்டர் முள்ளும் இதே சென்சாரை நம்பித்தான் ஓடுகிறது; அது நடுவில் அமைதியாக நிற்கும். மைலேஜ் போவதைவிட இதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

சோதிக்க ஒரு புளூடூத் ஓபிடி அடாப்டரும் (வண்டியின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகுவது) போன் ஆப்பும் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, கூலன்ட் வெப்பத்தையும் இன்டேக் காற்று வெப்பத்தையும் பாருங்கள். ஐந்து டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து கவனியுங்கள்: எண் துள்ளாமல் சீராக ஏறி 80-ஐத் தாண்ட வேண்டும். மேலே சொன்ன கணக்குப்படி காலைச் சோதனையில் மட்டும் பாஸானால் போதாது. சூடான பிறகு தெர்மோஸ்டாட் ஹவுசிங்கை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பார்த்து ஒப்பிடுங்கள். பளபளப்பான அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் பிடியுங்கள்.

சந்தேகம் வந்தால் சென்சாரைக் கழற்றி, தெர்மாமீட்டர் போட்ட தண்ணீரில் நுனியை வைத்துச் சூடாக்கியபடி மல்டிமீட்டரில் ஓமைப் பாருங்கள். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அட்டவணையோடு ஒத்துப்போனால் குற்றவாளி சென்சார் இல்லை, ஒயரிங். கனெக்டரை கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள்.

ஹைவேயில் ஓடும்போது வெப்பம் 60-க்கு இறங்கி, டிராஃபிக்கில் நின்றால் ஏறுகிறதா? சென்சார் சரியாகத்தான் சொல்கிறது. தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும், அல்லது யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். ‘நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு எதுக்கு’ என்று கழற்றிவிட்டு ஃபேனையும் எப்போதும் ஓடும்படி டைரக்ட் கொடுக்கும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வண்டியில் எத்தனை சென்சார் மாற்றினாலும் மைலேஜ் திரும்பாது.

மாற்றுவதற்கு இன்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் கொதிக்கும் கூலன்ட் கையில் பீய்ச்சும். புதிய சென்சாரைக் கையில் வைத்துக்கொண்டு பழையதை எடுத்து உடனே பொருத்தினால் கொஞ்சம்தான் சிந்தும். வாஷரோ ஓ-ரிங்கோ புதிது போடுங்கள். மரை வகை என்றால் இறுக்கம் பெரும்பாலும் 15 நியூட்டன் மீட்டர் அளவுதான். பிளாஸ்டிக் ஹவுசிங்கில் பலம் காட்டினால் ஹவுசிங்கே விரியும். பழைய வண்டிகளில் மீட்டருக்கென்று தனியாக ஒற்றை ஒயர் சென்சார் இருக்கும். அதில் டெஃப்ளான் டேப் சுற்றாதீர்கள், எர்த் மரை வழியாகத்தான் போகிறது. சிந்திய அளவுக்கு அதே வகைக் கூலன்ட்டை ஊற்றி, காற்றை வெளியேற்றுங்கள். சென்சார் நுனியில் காற்றுக்குமிழி நின்றால் புதிய சென்சாரும் தப்பாகத்தான் சொல்லும்.

பல மாதம் பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்தபடி ஓடிய வண்டி என்றால் ஆயில் டிப்ஸ்டிக்கை இழுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், அல்லது லெவல் மேக்ஸ் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.