படம் துல்லியமாக இருக்கிறது, ஆனால் யாரும் நின்று பார்ப்பதில்லை: ஏன்?

கேள்வி: சில ஆண்டுகளாகக் காட்டுயிர்ப் படங்கள் எடுத்துவருகிறேன். 150–600 மி.மீ. ஜூம் லென்ஸ் வைத்திருக்கிறேன். இறகு இறகாக எண்ணும் அளவுக்குப் படங்கள் துல்லியமாக வருகின்றன. ஆனால் போட்டிகளுக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடுகின்றன. நண்பர்களும் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். மீன்கொத்தி, மான் கூட்டம், ஆந்தை என மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். ஒரு காட்டுயிர்ப் படம் எதனால் வெற்றி பெறுகிறது? 600 மி.மீ. எஃப்/4 பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத, அதிக ஒளியை உள்ளே விடும் லென்ஸ்) வாங்கினால் நிலைமை மாறுமா?

பதில்: மூன்று படங்களையும் பெரிய திரையில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். ஃபோகஸில் குறை சொல்ல எதுவும் இல்லை. மீன்கொத்தியின் கண்ணில் ஒளிப்புள்ளிகூடச் சரியாக விழுந்திருக்கிறது. உங்கள் படங்களுக்குத் தடையாக இருப்பது லென்ஸ் இல்லை என்பதால் அந்தக் கேள்வியைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

இன்றைய கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமாகவே கண்டுபிடித்துப் பின்தொடர்கின்றன. அதனால் துல்லியமான படம் இப்போது பலரிடமும் இருக்கிறது. நடுவர் முன் குவிபவற்றில் அவரை நிறுத்துவது வேறொன்று. அந்த உயிர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது, எதைக் கவனித்தது, எப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறது, இவற்றில் ஒன்றையாவது படம் சொல்லியாக வேண்டும். உங்கள் மீன்கொத்திப் படம் 'இது மீன்கொத்தி' என்பதை மட்டும் சொல்கிறது. பறவைகளை அடையாளம் காணும் கையேட்டுக்கு அது போதும். பார்ப்பவரை நிறுத்திவைக்கப் போதாது.

அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். பறவை உயரமான கிளையில் உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் கீழே நின்று எடுத்திருக்கிறீர்கள். அதனால் வயிறும் அலகின் அடிப்பக்கமும்தான் முக்கியமாகத் தெரிகின்றன. பின்னால் வெளிறிய வானம். முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். விலங்கின் கண் இருக்கும் உயரத்துக்குக் கேமராவைக் கொண்டுபோனால் பார்ப்பவருக்கு அந்த உயிரோடு நேருக்கு நேர் இருக்கும் உணர்வு வந்துவிடும். தரையில் இரை தேடும் பறவையென்றால் படுத்துக்கொண்டு எடுக்க வேண்டும். கிளை உயரத்தில் இருந்தால் பறவையை நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லாத ஒரு மேட்டையோ எதிர்க்கரையையோ தேடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் கொஞ்சம் பின்வாங்குங்கள். தூரம் கூடும்போது மேல்நோக்கிப் பார்க்கும் கோணம் குறையும். பறவை சிறிதாகத்தான் தெரியும், ஆனால் படம் பெரும்பாலும் மேம்படும்.

கோணத்தைத் தாழ்த்தினால் பின்னணியும் அதோடு மாறிவிடும். நின்றபடி எடுத்தால் விலங்குக்குப் பின்னால் ஓரிரு மீட்டரில் இருக்கும் புல்லும் சருகும் பின்னணியாகும். படுத்து எடுத்தால் அதே இடத்தில் வெகுதூரத்து மரவரிசை பின்னணியாகிக் கரைந்துபோகும். 400 மி.மீ. லென்ஸில், எஃப்/5.6 அபெர்ச்சரில் (லென்ஸின் திறப்பு; எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும்), பெரிய சென்சார் கொண்ட முழு ஃபிரேம் கேமராவில், 10 மீட்டர் தள்ளி இருக்கும் பறவையை எடுத்தால் ஃபோகஸில் நிற்கும் ஆழம் ஏறத்தாழ 20 செ.மீ. தான். அப்படியிருந்தும் பின்னணி குழப்பமாக வருகிறது என்றால் அது பறவைக்கு மிக நெருக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். அபெர்ச்சரை இன்னும் திறப்பதைவிட, பின்னால் நீண்ட வெட்டவெளி இருக்கும் கிளையைத் தேர்ந்தெடுப்பதில் பலன் அதிகம். இரண்டடி இடமோ வலமோ நகர்ந்தாலே தலைக்குப் பின்னால் குறுக்கிடும் வெள்ளைக் குச்சி மறைந்துவிடும். நானாக இருந்தால் பின்னணியை முதலில் முடிவு செய்வேன், அப்புறம்தான் பறவைக்காகக் காத்திருப்பேன்.

காத்திருப்பதும் சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை. இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், பலர் தாண்டிப்போவதும் இதையேதான். மீன்கொத்தி கண்ட இடத்தில் உட்காருவதில்லை. தனக்குப் பிடித்த சில கிளைகளுக்கே திரும்பத் திரும்ப வரும். பாய்வதற்கு முன் தலையை மேலும் கீழும் அசைத்துத் தூரத்தைக் கணிக்கும். மீனோடு திரும்பிவந்து கிளையில் அதை அடித்துக் கொன்ற பிறகே விழுங்கும். தனக்கென்றால் மீனின் தலை தன் தொண்டையைப் பார்க்கும்படி திருப்பிக்கொள்ளும், செதில்கள் குத்தாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போக அதுதான் வழி. மீனின் தலை வெளிப்பக்கம் நீட்டியிருக்கும்படி பிடித்திருந்தால், பெரும்பாலும் அது இணைக்கோ குஞ்சுக்கோ கொண்டுபோகும் இரை. இதைத் தெரிந்தவர் அடுத்த சில நொடிகளில் பறவை என்ன செய்யும் என்று ஊகித்துத் தயாராகிவிடுவார். தெரியாதவர் 'மீனோடு ஒரு படம் கிடைத்தது' என்று கேமராவை இறக்கிவிடுவார், முக்கியமான காட்சி அதன் பிறகுதான் நடக்கும்.

எல்லா உயிர்களிடமும் இப்படிப்பட்ட முன்னறிகுறிகள் உண்டு. பெரிய பறவைகள் முடிந்தவரை காற்றை எதிர்த்தே மேலெழும். ஆகவே காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வீசினால் அவை உங்களை நோக்கிப் பறந்து வர வாய்ப்பு அதிகம். கழுகும் பருந்தும் கிளம்புவதற்குச் சற்று முன் எச்சமிடுவதைப் பலமுறை பார்க்கலாம், அப்போது விரல் ஷட்டரில் இருக்கட்டும். மான் காதுகளை ஒரே திசையில் குவித்து முன்காலை உதைத்தால் எதையோ சந்தேகிக்கிறது. ஒரே இனத்தை, ஒரே இடத்தில், பல வாரங்கள் பின்தொடர்பவருக்கு இவையெல்லாம் மனப்பாடமாகிவிடும். ஒவ்வொரு வாரமும் புதுப்புது இடத்துக்கு ஓடுபவரிடம் இனங்களின் பட்டியல்தான் நீளும்.

இனி மான் கூட்டம். பன்னிரண்டு மான்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நிற்கின்றன. ஒன்றின் கொம்பு இன்னொன்றின் முதுகில் முளைத்ததுபோல் இருக்கிறது, ஓரத்தில் ஒன்றின் தலை பாதியாக வெட்டுப்பட்டிருக்கிறது. கண் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் அலைகிறது. கூட்டத்தை எடுக்கும்போது உருவங்களுக்கு இடையே இடைவெளி விழும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அல்லது கூட்டத்துக்குள் நடக்கும் ஓர் உறவைப் பிடிக்க வேண்டும்: தாயும் குட்டியும், முட்டிக்கொள்ளும் இரண்டு ஆண்கள், எல்லாம் மேயும்போது ஒன்று மட்டும் தலைதூக்கிக் காவல் நிற்பது. உங்கள் படத்தின் வலது மூலையில் ஒரு குட்டி தாயின் கழுத்துக்கு அடியில் நுழைகிறது. அந்த மூலையில்தான் படம் இருக்கிறது, நீங்கள் பன்னிரண்டு மான்களையும் ஃபிரேமுக்குள் அடக்கப் பார்த்திருக்கிறீர்கள்.

ஒளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதை நீங்கள் ஏற்கெனவே அறிந்திருப்பீர்கள். காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் ஒளி உருவத்துக்குத் திரட்சி தரும். உச்சிவெயில் கண்ணை நிழலில் தள்ளிவிடும். அதோடு தரையிலிருந்து எழும் வெப்ப அலைகள் தூரத்து விலங்கைக் கலங்கடித்துவிடும், எவ்வளவு விலையுள்ள லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. மேகமூட்டமான நாளை வீணென்று நினைக்காதீர்கள், அடர்ந்த மரங்களுக்கிடையே அதுவே சிறந்த ஒளி. சூரியனை எதிரே வைத்து எடுத்தால் ரோம விளிம்பில் ஒளிக்கோடு விழும். உங்கள் மான் படத்தை அப்படி எடுத்திருந்தால், குழப்பமான புதரெல்லாம் இருளில் மறைந்து உருவங்கள் மட்டும் எழுந்து நின்றிருக்கும்.

அமைப்புகளில் சில எண்கள் நினைவில் இருக்கட்டும். அசையாமல் நிற்கும் பெரிய விலங்குக்கு நொடியில் 500-ல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் பெரும்பாலும் போதும். பறக்கும் பறவைக்கு 2000-ல் ஒரு பங்கிலிருந்து தொடங்குங்கள், சிறிய வேகமான பறவையென்றால் 3200-ல் ஒரு பங்கு. இதற்காக ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும். அதனால் வரும் நாய்ஸை, அதாவது படத்தில் தெரியும் புள்ளிகளை, பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம், அசைவால் குழைந்த கண்ணை மீட்க முடியாது. வெள்ளைக் கொக்கு இருண்ட பின்னணியில் சிறிதாக நின்றால் கேமரா இருட்டைப் பார்த்து ஏமாந்து படத்தை அதிக வெளிச்சமாக்கும், கொக்கின் இறகு விவரம் வெளுத்துப்போகும். அப்போது ஒரு ஸ்டாப் குறைத்துவிட்டு (அதாவது ஒளியைப் பாதியாக்கி) ஹிஸ்டோகிராமை, படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடத்தை, பாருங்கள். அதே கொக்கு ஃபிரேம் முழுதும் நிறைந்தால் நேர்மாறு: சாம்பலாக வரும், கூட்ட வேண்டியிருக்கும்.

நீங்கள் மூன்று படங்களிலும் விலங்கை முடிந்தவரை பெரிதாக்கியிருக்கிறீர்கள். டெலி லென்ஸ் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் வரும் பழக்கம் இது. ஃபிரேமை நிறைத்தால் வாழிடம் காணாமல் போகிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் புகழ்பெற்ற காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் 2020-இல் முதல் பரிசு வாங்கிய படத்தைத் தேடிப் பாருங்கள். ரஷ்யாவின் செர்கெய் கோர்ஷ்கோவ் எடுத்தது. தூரக் கிழக்கு ரஷ்யக் காட்டில் ஓர் அமுர் பெண்புலி பழமையான மரத்தைக் கட்டித் தழுவியபடி, தன் வாசனையை விட்டுச்செல்லக் கன்னத்தைப் பட்டையில் தேய்க்கிறது. அது கேமராவைப் பார்க்கவே இல்லை. மரங்களும் காட்டின் ஒளியும் புலிக்கு இணையாக இடம்பிடித்திருக்கின்றன. தானியங்கிக் கேமராவில் இந்த ஒரு காட்சி பதிய 11 மாதங்களுக்கு மேல் ஆனது. 'கண் நேராகப் பார்க்க வேண்டும், விலங்கு ஃபிரேமை நிறைக்க வேண்டும்' என்ற விதிகளுக்கெல்லாம் அந்தப் படம் வெளியே நிற்கிறது. பொதுவாகச் சொல்லப்படும் விதிகள் தொடக்கத்தில் கைகொடுக்கும், மறுக்கவில்லை. பறவையின் தலை சிறிதளவாவது நம் பக்கம் திரும்பியிருப்பது நல்லது, அது பார்க்கும் திசையில் கொஞ்சம் வெற்றிடம் விடுவது நல்லது. ஆனால் நடப்பது வலுவாக இருந்தால் அந்த விதிகளைத் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

ஆந்தைப் படத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எனக்கு முக்கியம். பகலில் ஓய்வெடுக்கும் ஆந்தையின் கண்கள் பெரும்பாலும் மூடியோ பாதி திறந்தோ இருக்கும். உங்கள் படத்தில் அது இறகுகளை உடலோடு ஒட்டி மெலிந்து நிமிர்ந்திருக்கிறது, காதுத் தூவிகள் செங்குத்தாக நிற்கின்றன, கண்கள் உங்கள்மேல் குத்திட்டிருக்கின்றன. அது மிரட்சி. நீங்கள் கிட்டே போய்விட்டீர்கள் என்று ஆந்தையே படத்தில் சொல்கிறது. அனுபவமுள்ள நடுவர் இதைப் பார்த்த நொடியில் ஒதுக்கிவிடுவார். விலங்கு தான் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு உங்களைக் கவனிக்கத் தொடங்கினால் அந்தத் தூரம் போதாது, பின்வாங்க வேண்டும். கூட்டின் அருகே போவது, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது, இரை வைத்து இழுப்பது, இவற்றை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கூட்டிலிருந்து பெற்றோர் விரட்டப்பட்டால் குஞ்சு வெயிலிலோ வேட்டையாடிகளிடமோ சாகும். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது. அரிய இனத்தின் படத்தைப் பகிரும்போது இடக்குறிப்பையும் நீக்கிவிடுங்கள்.

உண்மையும் படத்தின் ஒரு பகுதிதான். மேலே சொன்ன போட்டியிலேயே 2009-இல் முதல் பரிசு வாங்கிய, ஓநாய் வேலியைத் தாண்டும் படம், அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவுசெய்ததால் 2010-இல் தகுதி இழந்தது. 2018-இல் எறும்புண்ணிப் படம் ஒன்று, அதில் இருந்தது பதப்படுத்திய உடல் என்று வல்லுநர்கள் கருதியதால் நீக்கப்பட்டது. ஆகவே குச்சியை அழிப்பது, நிலவை ஒட்டுவது போன்றவற்றில் இறங்காதீர்கள். பெரிய போட்டிகள் ரா கோப்பை, அதாவது கேமரா பதிந்த திருத்தப்படாத மூலக் கோப்பை, கேட்டுச் சரிபார்க்கும்.

தேர்வு செய்வதில் இன்னும் கறாராக இருங்கள். எடுத்த அன்றே தேர்ந்தெடுத்தால் பட்ட கஷ்டமும் சேர்ந்து மதிப்பெண் போடும். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். தபால்தலை அளவுக்குச் சிறிதாக்கினாலும் என்ன நடக்கிறது என்று புரிகிறதா? புரிந்தால் கட்டமைப்பு பலமாக இருக்கிறது. காட்டுயிர் ஆர்வமே இல்லாத ஒருவரிடம் காட்டி, எதுவும் விளக்காமல், அவர் கண் முதலில் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

சரி, லென்ஸுக்கு வருவோம். உங்கள் ஜூம் 600 மி.மீ.-ல் எஃப்/6.3 என்றால், எஃப்/4 லென்ஸ் அதைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும். விடியலிலும் அடர்காட்டிலும் அது பெரிய வேறுபாடு, பின்னணியும் இன்னும் மென்மையாகும். ஆனால் அது உங்களைத் தரையில் படுக்கவைக்காது, இரண்டடி நகர்த்தாது, மீனின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லித்தராது. கடந்த சில மாதங்களில் நீங்களே ஒதுக்கிவைத்த படங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எதனால் வீணானது என்று எழுதுங்கள். வெளிச்சம் போதாமல், ஐ.எஸ்.ஓ. எல்லை மீறி வீணானவை பாதிக்கு மேல் இருந்தால் அந்த லென்ஸை முதலில் வாடகைக்கு எடுத்து, உங்களுக்குப் பழக்கமான ஒரே இடத்தில் பயன்படுத்திப் பாருங்கள். கோணமும் பின்னணியும் அவசரமும்தான் காரணமென்றால் இருக்கும் ஜூமோடு அதே மீன்கொத்தியிடம் திரும்பிப் போங்கள். இம்முறை எதிர்க்கரையில் உட்காருங்கள்.