பதில்: மகனுக்குச் சிறையைக் காட்டிப் பயமுறுத்தலாமா?

இரண்டு முறை கடையில் திருடி மாட்டிய 15 வயது மகனை, பிள்ளைகளைச் சிறைக்குள் கூட்டிப்போய்க் கைதிகளைக் கொண்டு மிரட்டும் திட்டத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவன் ஒரு நாள் கைதிகளிடம் திட்டு வாங்கினால் பயப்படுவான், ஆனால் திருந்தமாட்டான். இவற்றில் பேர்பெற்றது, நியூஜெர்சியின் ராவே சிறையில் ஆயுள் கைதிகள் 1970களில் தொடங்கிய திட்டம். அதையும் சேர்த்து அமெரிக்காவில் 1967 முதல் 1992 வரை நடந்த 9 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். போய்வந்த பிள்ளைகள்தான், போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் சிக்கினார்கள்.

காரணம் உடன் வரும் கூட்டமாக இருக்கலாம். சேட்டைக்காரப் பிள்ளைகளை ஒரே வேனில் ஏற்றினால், 'எனக்கொன்றும் பயமில்லை' என்று காட்டுவதில்தான் போட்டி. புது சிநேகிதமும் அங்கேயே கிடைக்கும்.

திட்டத்தை நடத்துபவர்களிடம் ஒன்று கேளுங்கள்: வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த 12 மாதத்தில் கைதானார்கள், வராதவர்களில் எத்தனை? அழுதுகொண்டே எழுதிய நன்றிக் கடிதங்களை நீட்டினால் கிளம்பிவிடலாம்.

அந்த நேரத்தைக் குடும்பத்தோடு சேர்ந்த சிகிச்சையில் போடுங்கள்: 3 முதல் 5 மாதம், சுமார் 12 அமர்வு, நீங்களும் உட்கார வேண்டும்.

நீதிமன்றமே போகச் சொல்லியிருந்தால் மட்டும் நீங்களாக மறுக்காதீர்கள். வக்கீல் மூலம் மாற்று ஏற்பாடு கேளுங்கள்.