சான்றிதழ் தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்று வரம்பு வேண்டுமா?

சான்றிதழ் தேர்வு என்பது, ஒரு தொழிலைச் செய்யும் திறன் உங்களுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது. அதில் வரம்பு எதற்கு? ஒரே கேள்வித் தொகுப்பிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டால், பாடம் தெரியாமலே கேள்விகளை மனப்பாடம் செய்து தேறிவிடலாம். அந்தக் கவலை நியாயமானதுதான். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் ஒவ்வொரு கட்டத்துக்கும் 6 முறை என்றிருந்ததை 4 ஆகக் குறைத்தார்கள். நம் சி.ஏ. இறுதித் தேர்விலோ இத்தனை முறைதான் என்ற வரம்பு இல்லை.

கிருஷ்ணகிரி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டுநர் தேர்வு நடப்பதைப் பாருங்கள். 3 முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வண்டியே ஓட்டக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை. சான்றிதழ் தேர்வுக்கும் அதுவே சரி என்பேன்: இடைவெளி வையுங்கள், கேள்விகளை மாற்றுங்கள், கதவை மூடாதீர்கள். பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்குப் பயிற்சி மையமும் நேரமும் எளிதில் அமையாது. வரம்பு வைத்தால் முதலில் அடிபடுவது அவர்தான்.

அப்புறம், “யு.பி.எஸ்.சி.யில் பொதுப்பிரிவுக்கு 6 முறைதானே?” என்று பலர் கேட்பார்கள். அது குறைந்த பணியிடங்களுக்கான போட்டி; சான்றிதழ் தேர்வில் நீங்கள் தேறுவதால் இன்னொருவர் இடம் பறிபோவதில்லை.