அறுபது கையெழுத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் இஸ்திக்லால் மசூதிக்கும் எதிரிலுள்ள பேராலயத்துக்கும் நடுவே சுரங்கப்பாதை அமைத்திருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் போப் பிரான்சிஸும் தலைமை இமாமும் அங்கே சேர்ந்து நின்ற படத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோனேன். மேடான் நகரில் நம் வேளாங்கண்ணி மாதாவுக்கே கோயில் இருக்கிறது. மாவட்டந்தோறும் மதநல்லிணக்க மன்றம் வேறு வைத்திருக்கிறார்களாம். முஸ்லிம் பெரும்பான்மை நாடுகளில் கிறிஸ்தவர்கள் நிம்மதியாக வாழ இதுதானே வழி? பாகிஸ்தானும் எகிப்தும் இந்த மன்றத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன?

க., தூத்துக்குடி

அன்புள்ள க.,

நீங்கள் பார்த்த படம் பொய்யில்லை. இஸ்திக்லாலை வடிவமைத்த சிலாபானே பாத்தாக் இனத்துக் கிறிஸ்தவர்தான். கிறிஸ்துமஸ் அன்று பேராலயத்துக்கு வருகிறவர்கள் வண்டியை மசூதி வளாகத்தில் நிறுத்துவார்கள். நாட்டின் மிகப்பெரிய முஸ்லிம் அமைப்பான நஹ்தலத்துல் உலமாவின் இளைஞர் அணி அன்றிரவு தேவாலய வாசல்களில் காவல் நிற்கும். 2000 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, மோஜோகெர்தோவில் ஒரு தேவாலயத்தில் கிடந்த குண்டை வெளியே எடுத்துக்கொண்டு ஓடி உயிரைவிட்ட ரியாந்தோ அந்த அணியைச் சேர்ந்தவர்.

ஆனால் நீங்கள் ஏற்றுமதி செய்யச் சொல்கிற அந்த மன்றம் இருக்கிறதே, சிக்கலே அங்கேதான்.

மதத்துறை அமைச்சரும் உள்துறை அமைச்சரும் சேர்ந்து 2006 மார்ச்சில் ஒரு விதி போட்டார்கள். வழிபாட்டுத்தலம் கட்ட விரும்புகிறவர்கள் நான்கு தாள்கள் சேர்க்க வேண்டும். அங்கே வழிபடப்போகும் 90 பேரின் பெயரும் அடையாள அட்டையும் முதலாவது. அந்த வட்டாரத்து மக்கள் 60 பேரின் ஆதரவு, கிராமத் தலைவரோ 'லூரா' எனப்படும் வட்ட அதிகாரியோ சான்றளித்து, இரண்டாவது. மதத்துறையின் மாவட்ட அலுவலகப் பரிந்துரை மூன்றாவது. நான்காவது, நீங்கள் புகழ்கிற நல்லிணக்க மன்றத்தின் எழுத்துப்பூர்வப் பரிந்துரை. எல்லாம் சேர்ந்தபின் மேயரோ மாவட்டத் தலைவரோ 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

மாவட்ட மன்றத்தில் அதிகபட்சம் 17 பேர். ஒவ்வொரு மதத்துக்கும் ஓர் இடமாவது நிச்சயம். மீதி இடங்கள் மக்கள்தொகை விகிதப்படி. பரிந்துரையை வாக்கெடுத்து முடிவுசெய்ய முடியாது, கலந்துபேசி ஒருமனதாகத் தர வேண்டும் என்பது விதி. கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கோப்பு அங்கேயே கிடக்கும். மன்றம் மறுத்ததாகப் பதிவுகூட இருக்காது, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கும்.

பேசுவதற்காக உண்டான சபையின் கையில் முத்திரையைக் கொடுத்தாயிற்று. விண்ணப்பதாரராக வந்து நிற்கிறவன் அங்கே எதை மனம்விட்டுப் பேசுவான்?

அந்த 60 கையெழுத்து என்ன பாடுபடுகிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மனமுவந்து போடுவார், அடையாள அட்டை நகலும் தருவார். பட்டியல் லூராவின் மேசைக்குப் போன பிறகு தெருமுனையில் எதிர்ப்புப் பதாகை ஏறும். அதே மனிதர் வாபஸ் கடிதம் கொடுப்பார். 'உதவித்தொகை வாங்கத்தான் கையெழுத்து என்று நினைத்தேன்' என்கிற மாதிரியான விளக்கங்களும் கிளம்பும். வாபஸ் பற்றி விதி வாய் திறக்கவில்லை. ஆகவே அது செல்லுமா செல்லாதா என்பது லூராவின் தைரியத்தைப் பொறுத்தது. மேலிடமே எதிர்த்தால் அந்தத் தைரியத்துக்கும் இடமில்லை. பாந்தென் மாகாணத்துச் சிலெகோன் நகரில் 2022 செப்டம்பரில் ஒரு தேவாலயத்துக்கு எதிராகத் துணியில் கையெழுத்து வாங்கினார்கள். மேயரும் துணைமேயரும் அதில் ஒப்பமிட்டார்கள். 1975-ல் போட்ட பழைய உத்தரவு ஒன்றை அதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள். அந்த நகரில் அப்போது ஒரு தேவாலயம்கூட இல்லை.

இது முஸ்லிம்களின் குணம் என்று யாராவது கிளம்புவதற்கு முன் மினாஹாசா பக்கம் போய்வரலாம். கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் வட சுலாவெசியில், 2020 ஜனவரியில், அனுமதி இல்லை என்று சொல்லி ஒரு சிறு தொழுகைக்கூடத்தை அடித்து உடைத்தார்கள். ஆள் மாறினாலும் விதி அதே வேலையைத்தான் செய்கிறது.

சிக்கலின் மறுபாதி கிறிஸ்தவர்கள் பக்கம் இருக்கிறது, அதையும் புரிந்துகொள்ள வேண்டும். 'ஏற்கெனவே ஒரு சர்ச் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?' என்பது அண்டை வீட்டு முஸ்லிமின் நியாயமான குழப்பம். பாத்தாக் மொழியில் வழிபடும் லுத்தரன் சபையார், பெந்தெகொஸ்தே சபைக்கும் கத்தோலிக்கக் கோயிலுக்கும் போகமாட்டார்கள் என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. அனுமதி கிடைக்காத சபை, கீழே கடை மேலே வீடு என்று இருக்கும் 'ரூக்கோ' கட்டடத்தை வாடகைக்கு எடுத்துப் பாட ஆரம்பிக்கும். ஒளிந்து நடத்துகிறார்கள் என்ற சந்தேகம் அங்கே முளைக்கும். கையெழுத்துத் தாளோடு முதல்முறையாகக் கதவைத் தட்டுவது மகா தவறு. பேச்சு அதற்கு ஒரு வருடம் முன்பே, தெருத் தலைவர் வீட்டுத் திண்ணையில் தொடங்கியிருக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்த அன்றே தேதியிட்ட ரசீது வாங்கவில்லை என்றால் அந்த 90 நாள் எப்போது தொடங்கியது என்று காட்டவும் வழியில்லை.

எகிப்துக்கும் பாகிஸ்தானுக்கும் வருவோம். எகிப்தில் 2016-ன் 80-ஆம் எண் சட்டப்படி, தேவாலயம் கட்டக் கேட்கும் விண்ணப்பத்துக்கு ஆளுநர் நான்கு மாதத்தில் பதில் சொல்ல வேண்டும். அண்டைவீட்டார் கையெழுத்தை அந்தச் சட்டம் கேட்பதில்லை. இந்தோனேசிய முறையைக் கொண்டுபோனால் அங்கே கூடுதலாக ஒரு பூட்டுதான் விழும். பாகிஸ்தானில் நோவு வேறு: நபியை அவமதித்ததாகக் குற்றம்சாட்டும் தண்டனைச் சட்டத்தின் 295-சி பிரிவு. அதன்கீழ் கிறிஸ்தவப் பெண் ஆசியா பீபிக்கு 2010-ல் தூக்கு விதித்தார்கள். உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018-ல். கட்டட அனுமதி மன்றத்தால் அதற்கு மருந்தில்லை.

இந்தோனேசிய விதியில் நல்ல வரி ஒன்று உண்டு, யாரும் எடுத்துப் பேசுவதில்லை. 90 பெயர் சேர்ந்து 60 கையெழுத்து சேராவிட்டால், இடம் கிடைக்க உள்ளாட்சி நிர்வாகமே வழிசெய்து தர வேண்டும், கைவிரிக்க முடியாது. ஜகார்த்தாவுக்கு அருகே போகோர் நகரின் யாஸ்மின் கிறிஸ்தவ சபைக்கு 2006-ல் கட்டட அனுமதி கிடைத்தது, 2008-ல் முடக்கினார்கள். 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சபையின் பக்கம் நின்ற பிறகும், ஆதரவுக் கையெழுத்தில் மோசடி என்று காரணம் காட்டி 2011-ல் நகராட்சி அனுமதியை ரத்து செய்தது. அந்தச் சபையார் ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே தெருவில் வழிபட்டார்கள். கடைசியில் 2021-ல் நகராட்சி வேறோர் இடத்தில் 1,668 சதுர மீட்டர் நிலம் கொடுத்தது. சபையில் ஒரு பகுதியினர் அதை ஏற்கவில்லை. தீர்ப்பு சொன்னது பழைய இடத்தைத்தானே என்றார்கள். புதிய கட்டடம் 2023 ஈஸ்டர் அன்று திறந்தது.