முதலில் சூடு, பிறகு மருந்து: கெக்கோ வாங்கிய மலையகத்தவர்களுக்குப் பதில்கள்

லெப்பர்ட் கெக்கோ எனும் சிறுத்தைப் பல்லியைப் புதிதாக வாங்கியவர்கள் கேட்டவற்றுக்கு, பல வருடங்களாக வளர்ப்பவள் என்ற முறையில் பதில் தருகிறேன்.

ஹட்டன்: அக்கா, வாங்கி ஐந்து நாள். முந்தாநாள் வரை எதையும் தொடவில்லை. நேற்று ஒரு புழு தின்றது, இன்று காலை அப்படியே கக்கிவிட்டது. என்ன மருந்து கொடுக்க?

பதில்: மருந்து இருக்கட்டும் தம்பி, தொட்டிக்குள் எத்தனை பாகை என்று முதலில் பாருங்கள். இது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட கல்நிலத்துப் பிராணி. வயிற்றுக்கு அடியில் சூடு இருந்தால்தான் தின்றது செமிக்கும். ஹட்டன் குளிரில் தின்ற புழு வயிற்றிலேயே கெட்டுப்போகும். தொட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு அடியில் ஹீட் மேட், அதாவது கரண்டில் சூடாகும் விரிப்பு, வையுங்கள். அந்த இடத்தில் தரை 31 முதல் 33 பாகை செல்சியஸ், மறுபக்கம் 24 முதல் 26. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் ஹீட் மேட்டைச் செருகவே வேண்டாம், வயிறு வெந்துவிடும். குசினி அடுப்புக்குப் பக்கத்தில் தொட்டியை வைப்பவர்களும் உண்டு; விறகுப் புகை நுரையீரலைக் கெடுக்கும். கரண்ட் போனால் போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி, துவாயில் சுற்றித் தொட்டிக்குள் ஓரமாக வையுங்கள்.

சூடு சரியான பிறகும் ஒரு வாரம் தண்ணீர் மட்டும். பிறகு சின்னப் புழு ஒன்று. மறுபடி கக்கினால் வைத்தியரிடம் போங்கள்.

நுவரெலியா: கால்விரல் நுனியில் பழைய தோல் வளையம்போல் ஒட்டியிருக்கிறது. இழுத்து எடுக்கலாமா?

பதில்: காய்ந்த தோலை இழுக்கவே கூடாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் நனையும் அளவுக்கு மட்டும் 15, 20 நிமிடம் விட்டு, நனைத்த காதுப்பஞ்சுக் குச்சியால் மெதுவாக உருட்டுங்கள். வராவிட்டால் நாளைக்கு மறுபடி. என் முதல் கெக்கோவுக்கு இதை நான் கவனிக்கவில்லை. வளையம் இறுகி, ரத்தம் ஓடாமல் இரண்டு விரல்கள் உதிர்ந்தன. இன்னும் மனசு ஆறவில்லை. ஈரப்பாசி போட்ட மூடிய டப்பா ஒன்றில் நுழைவாயில் வெட்டி, சூடான பக்கம் வையுங்கள். அடுத்த தோலைத் தானே கழற்றும்.

பண்டாரவளை: நடக்கும்போது கால் நடுங்குகிறது, தாடை மெத்தென்று இருக்கிறது.

பதில்: கல்சியம் குறைந்து எலும்பு இளகும் நோயாக இருக்கலாம். தாமதிக்காதீர்கள். பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை வைத்தியசாலையில் காட்டுங்கள். புழுக்களை விட்டமின் டி3 கலந்த கல்சியம் பொடியில் புரட்டிக் கொடுப்பது வைத்தியத்துக்குத் துணை, மாற்று இல்லை.

பதுளை: தேயிலை மலையில் பிடித்த வெட்டுக்கிளி போடலாமா?

பதில்: வேண்டாம். அங்கே மருந்தடிக்கிறார்கள்.

கண்டி: வால் மெலிந்துகொண்டே போகிறது. கடையில் “நல்லாத்தான் இருக்கு” என்றார்கள்.

பதில்: இதற்கு வால்தான் கொழுப்புச் சேமிப்பு. தின்றும் வால் மெலிந்தால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். மணலை எடுத்துவிட்டுக் கிச்சன் டிஷ்யூ விரியுங்கள், எச்சம் தெளிவாகத் தெரியும். புதிய எச்சத்தைச் சுத்தமான டப்பியில் அன்றைக்கே பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். சமையல் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். வைத்தியருக்கு அந்தக் கொப்பி பெரிய உதவி. வீட்டில் வேறு பல்லி இருந்தால் குறைந்தது இரண்டு மாதம் தனி அறை, தனிப் பாத்திரம். தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கைகழுவுங்கள், சல்மொனெல்லா கிருமி பிள்ளைகளுக்குத் தொற்றும்.

நுவரெலியா: இதற்குத் துணையாகக் காட்டில் ஒரு கொம்பு ஓணானைப் பிடித்து வரட்டுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம் தங்கச்சி. அது இலங்கைக்கே உரிய உயிர், சட்டம் பாதுகாக்கிறது. கெக்கோவுக்கும் துணை தேவையில்லை, தனியாகவே நிம்மதியாக இருக்கும்.