டீசல் இன்ஜினுக்கு மாத்துறதுக்கு முன்னாடி

கேள்வி: பழைய பெட்ரோல் ஜீப்ல டீசல் இன்ஜினை மாட்டிட்டு அப்புறமா பதிவை மாத்திக்கலாமா சார்?

பதில்: தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, முதல்ல வண்டியைப் பதிவு பண்ற ஆர்டிஓ ஆபீஸ்ல எழுத்துல அனுமதி வாங்குங்க. பதிவுச் சான்றுல இருக்குற இன்ஜின் நம்பர், எரிபொருள், சிசி (இன்ஜின் கொள்ளளவு) எல்லாமே மாறுது, அதனால இன்ஜின் வாங்குன ஒரிஜினல் பில் கையில இல்லைன்னா அது திருட்டு இன்ஜின் இல்லைன்னு நிரூபிக்கவே முடியாம போயிடும். பெரிய சிக்கல் புகைதான், பழைய டீசல் இன்ஜின்ல புகைக்கரி, நைட்ரஜன் ஆக்சைடு ரெண்டும் ஜாஸ்தி, எந்த வருஷத்து மாசு விதிப்படி சோதிப்பாங்கன்னு கேட்டுட்டு அப்புறம் இன்ஜினைத் தேடுங்க. டீசல் இன்ஜின் பொதுவா வெயிட் கூட, முன்பக்க சஸ்பென்ஷன், பிரேக் தாங்குமான்னு பார்த்துக்கோங்க. இன்சூரன்ஸ்காரங்களுக்கும் கட்டாயம் சொல்லிடுங்க, மறைச்சா விபத்து நேரத்துல கிளைம் நிக்காம போகலாம்.